வெட்டுவதும் விட்டுவைப்பதும்

மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் என அமெரிக்காவின் வட மாநிலங்களில், பைன் காட்டுக்குள் இரண்டு மூன்று ஏக்கர் வாங்கி முழு மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டுவது பலருக்கு வாழ்நாள் ஆசை. அந்த மனையைத் தயார் செய்வதில் ஒரு வழக்கம் பரவலாக உண்டு. வீடு வரும் இடத்தை புல்டோசர் விட்டுச் சமன் செய்வார்கள். பார்வைக்கு எடுப்பான நாலைந்து பெரிய மரங்களை மட்டும் சுவரை ஒட்டி விட்டுவைப்பார்கள். மனையை மொத்தமாக மொட்டையடிப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்றே யாருக்கும் தோன்றும். அதன் பின்னால் உள்ள பரிவை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பரிவால் மரமும் பெரும்பாலும் பிழைப்பதில்லை, வீட்டுக்கும் கேடுதான்.

முதலில் மரத்தை எடுத்துக்கொள்வோம். நீரும் சத்தும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஒன்றரை இரண்டு அடி ஆழத்துக்குள்ளேயே ஓடுகிறது; பக்கவாட்டில் கிளைவிரிவையும் தாண்டிப் போகிறது. மர வல்லுநர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மார்பளவு உயரத்தில் தண்டின் குறுக்களவு எத்தனை அங்குலமோ, சுற்றிலும் அத்தனை அடிக்குள் மண்ணைத் தொடக் கூடாது. 18 அங்குல மரத்துக்கு எல்லாப் பக்கமும் 18 அடி. சுவரிலிருந்து 8 அடியில் நிற்கும் மரம், அஸ்திவாரம் தோண்டும்போதே ஒரு பக்க வேரை இழந்துவிடும். மறுபக்கத்தில் கான்கிரீட் லாரியும் கிரேனும் ஏறி இறங்கி மண்ணை இறுக்கிவிடும். தோண்டிய மண்ணை மரத்தடியில் அரையடி பரப்பினாலே பல மரங்களுக்கு வேர் மூச்சுத் திணறும். மரம் உடனே பட்டுப்போனாலாவது காரணம் புரியும். மூன்று, ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் உச்சி காயத் தொடங்கும். ஒப்பந்தக்காரர் எப்போதோ கணக்கு முடித்துப் போயிருப்பார். பழி பூச்சிமேல் விழும். கூரைக்கு மேலே நிற்கும் பட்ட மரத்தை இறக்குவது, வெற்று மனையில் வெட்டுவதைவிடப் பன்மடங்கு செலவு, ஆபத்தும்கூட.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அடர்காட்டின் நடுவில் வளர்ந்த பைன் வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென உயர்ந்தது. பக்கத்து மரங்களே அதற்குக் காற்றுத்தடுப்பு. அவற்றை வெட்டிவிட்டு ஒன்றை மட்டும் நிறுத்தினால் பலத்த புயலில் வேரோடு சாய்ந்துவிடும். விடுவதென்றால் கூட்டமாக, அடியில் உள்ள புதரோடும் சருகோடும் விட வேண்டும்.

வீட்டுக்கு வருவோம். இங்கே நான் கோடரியின் பக்கம். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் பூஞ்சை அதில் பிடிப்பதில்லை. சுவரை ஒட்டிய மரம் வெயிலையும் காற்றையும் மறைக்கிறது. அதன் சருகு கூரைத் தூம்பை அடைக்கிறது. வழியும் நீர் சுவர் மூலைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை முனைகளை நனைக்கிறது. நீரை அதிகம் குடிப்பது அந்த முனைகள்தான். காட்டுத்தீயிலும் இதே கதை. காட்டுத்தீயில் வீடுகள் எப்படிப் பற்றுகின்றன என்பதை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க வனத்துறை அறிவியலாளர் ஜாக் கோஹன், பறந்து வரும் கங்குகளும் வீட்டை ஒட்டிக் கிடக்கும் பொருள்களுமே முடிவைத் தீர்மானிக்கின்றன என்று காட்டினார். தடித்த கட்டை அத்தனை எளிதில் பற்றாது. கூரையில் குவிந்த பைன் ஊசிகள் பற்றும். சுவரிலிருந்து 5 அடிக்குள் எரியும் பொருள் எதுவும் வேண்டாம், 30 அடிவரை மர உச்சிகள் ஒன்றையொன்று தொட வேண்டாம் என்பது இன்றைய பரிந்துரை.

மனையில் வெட்டிய மரத்திலேயே வீடு கட்டலாம் என்பது மரக்கட்டை வீட்டின் பெரிய கவர்ச்சி. வெட்டுவதற்கும் பருவம் உண்டு. குளிர்காலத்தில் மண் உறைந்திருப்பதால் இயந்திரம் மண்ணை இறுக்காது; கட்டையில் பூஞ்சையின் நீலக்கறையும் வண்டும் அண்டாது. ஆனால் பட்டை லேசில் வராது. இழுப்புக் கத்தியால் சீவிச் சீவித்தான் எடுக்க வேண்டும். வசந்தத்தில் வெட்டியதில் இரும்புக் கம்பியை நுழைத்து நெம்பினால் போதும், வழுவழுவென்று முழ நீளத்துக்குக் கழன்று வரும். கை நோவைப் பார்த்து வசந்தத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் கறையையும் நசுங்கிய மண்ணையும் சேர்த்தே வாங்குகிறார்கள். பச்சைக் கட்டைச் சுவர் காயக் காயக் கீழிறங்கும். 8 அடிச் சுவர் அரையடிவரைகூட இறங்கலாம். அதனால் கதவு, சன்னலுக்கு மேலே இடைவெளி விட்டு, தூண்களுக்கு அடியில் திருகு ஜாக்கி வைக்கிறார்கள்.

அடிக்கட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்து மேலே பாதை போடும் பழக்கத்துக்கு மட்டும் என்னால் ஒரு நியாயமும் சொல்ல முடியவில்லை. மக்கியதும் தரை உள்வாங்கும். மரத்தை மூன்று நான்கு அடி உயரம் விட்டு வெட்டினால் எக்ஸ்கவேட்டர் அந்தத் தண்டைப் பிடித்து நெம்பித் தூரோடு எடுத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வரிசைப் பிழை. மரத்தைப் பார்த்து வீட்டிடத்தை முடிவு செய்கிறார்கள். முதலில் மண்ணைச் சோதித்து, செப்டிக் டேங்கின் நீர் எங்கே இறங்கும், கிணறு எங்கே, கட்டை லாரி எங்கே திரும்பும் என்று குறிக்க வேண்டும். வீட்டைச் சுற்றித் தாராளமாக வெட்டிவிட்டு, அதற்கு அப்பால் நிற்கும் கூட்டத்தைச் சுற்றி வேலி அடிக்க வேண்டும். முதல் இயந்திரம் மனைக்குள் நுழையும் முன்பே அந்த வேலி நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் இவ்வளவு அபராதம் என்று ஒப்பந்தத்திலும் எழுத வேண்டும்.