முப்பத்து நான்கு வருடங்கள் கிடந்த ஒலிநாடாக்கள்

'டெத்' என்ற இசைக்குழுவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் கதையைத்தான் பேசுகின்றனர். 2012 இல் வெளிவந்த 'எ பேண்ட் கோல்ட் டெத்' என்ற விவரணப்படத்தின் பின் இந்நிலை இன்னும் கூடிவிட்டது. கதை உருக்கமானதுதான். ஆனால் பாட்டைக் கேட்காமல் கதைக்காக அழுவது ஒரு கலைஞனுக்குச் செய்யும் மரியாதையல்ல.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெட்ரொய்ட் நகரின் கறுப்பினச் சகோதரர்கள் மூவர். டேவிட் ஹக்னி கிற்றார்; பொபி பேஸ் கிற்றாரும் பாட்டும்; டானிஸ் ட்ரம்ஸ். மோடவுன் இசை பிறந்த ஊர் அது. கறுப்பின இளைஞர் றொக் வாசிப்பதைச் சுற்றத்தார் விளங்கிக்கொள்ளவில்லை. தந்தை விபத்தில் இறந்த பின் டேவிட்தான் 'மரணம்' என்ற பெயரைக் குழுவுக்குச் சூட்டினார். 1975 இல் ஏழு பாடல்கள் ஒலிப்பதிவாயின. பெயரை மாற்றினால் ஒப்பந்தம் என்ற நிபந்தனை வந்தது. தம்பிமார் இணங்கிப்போக விரும்பினர், டேவிட் மறுத்துவிட்டார். 1976 இல் இரு பாடல்களைத் தாமே 500 இசைத்தட்டுகளாக வெளியிட்டனர். எவரும் கவனிக்கவில்லை. டேவிட் 2000 ஆம் ஆண்டு புற்றுநோயால் காலமானார். ஏழு பாடல்களும் 'ட்ராக் சிட்டி' வெளியீடாக 2009 இல்தான் வந்தன.

இவர்களை 'பங்க்குக்கு முந்திய பங்க்' என்று போற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ரமோன்ஸ் குழுவின் முதல் தொகுப்பு 1976 இல் வந்தது என்பதே இதற்குக் காட்டும் ஆதாரம். எனக்கு இதில் உடன்பாடில்லை. அதே வட்டாரத்தில் ஸ்டூஜஸும் எம்சி5 உம் அறுபதுகளின் இறுதியிலேயே இந்தக் கரடுமுரடான ஓசையை எழுப்பிவிட்டனர். 'முதலாவது' என்ற பட்டம் இல்லாமலே இப்பாடல்கள் நிற்கும்.

'பொலிட்டீஷியன்ஸ் இன் மை ஐஸ்' கிட்டத்தட்ட ஆறு நிமிடப் பாடல். வேகம் மட்டுமே வேண்டுமென்றால் இரண்டு நிமிடம் போதும். இங்கே தாளம் ஓடுகிறது, தடுக்கி நிற்கிறது, வேறு பக்கம் திரும்புகிறது. மூவரும் முன்பு ஃபங்க் வாசித்தவர்கள் என்பது அந்தத் திருப்பங்களில்தான் தெரிகிறது. 'லெட் த வேர்ல்ட் டேர்ன்' இன்னும் விசித்திரம்: மிதப்பது போன்ற மெதுவான பகுதி, நடுவே தனி ட்ரம்ஸ். பிந்திய பங்க்காரர்கள் இதைக் கேலி செய்திருப்பார்கள்.

2011 இல் வந்த 'ஸ்பிரிச்சுவல் மென்டல் பிஸிக்கல்' தொகுப்பு எழுபதுகளின் ஒத்திகைப் பதிவுகளைக் கொண்டது. மெருகு என்பது மருந்துக்கும் கிடையாது. குரல் அமுங்கிக் கிடக்கிறது. சில உருப்படிகளை வெளியிட்டிருக்கவே வேண்டாம். தனி பேஸ், தனி ட்ரம்ஸ் துண்டுகள் பயிற்சிக்கு மேல் எதுவுமில்லை. இருந்தும் நான் அடிக்கடி திரும்பிப் போவது இத்தொகுப்புக்குத்தான். மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்தபடி, வெளியே கேட்பதற்கு ஒருவருமில்லை என்று தெரிந்தும், முழுப் பலத்தோடு வாசிக்கிறார்கள். ஸ்டூடியோப் பதிவின் இறுக்கம் எங்கிருந்து வந்தது என்பது இதைக் கேட்டால்தான் புரியும்.

மீள்வருகைக்குப் பின் தம்பிமார் இருவரும் வேறொரு கிற்றார்காரருடன் மேடையேறினர். குறை சொல்ல முடியாத வாசிப்புத்தான். ஆனால் அந்த ஒத்திகை ஒலிநாடாவில் டேவிட்டின் கிற்றார் தாளத்தை முந்திக்கொண்டு பாய்வதும், டானிஸ் அதைத் துரத்திப் பிடிப்பதும் அங்கே இல்லை.