அது எந்தக் கன்றின் கால்?

வயிறு பெருத்திருக்கிறது என்பதற்காகப் பசு இரட்டை சுமக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வைக்கோல் தின்ற வயிறும் பெருத்துத்தான் இருக்கும். சினை ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருப்பவருக்கே முதல் சந்தேகம் வரும். பசு சுமப்பது ஏறத்தாழ 280 நாள். இரட்டை என்றால் ஒரு வாரமோ பத்து நாளோ முந்திக்கொள்ளும். அடுத்த சந்தேகம் பனிக்குடம் உடைந்த பிறகு. மாடு முக்கி ஒரு மணி நேரமாகியும் எதுவும் நகரவில்லை. வெளியே இரண்டு கால் தெரிகிறது, ஆனால் ஒரு குளம்பின் அடிப்பாகம் தரையைப் பார்க்கிறது, மற்றது வானத்தைப் பார்க்கிறது.

இந்த நேரத்தில் ஈரோட்டுப் பக்கத்து விவசாயி போனை எடுத்து, "சார், ரெண்டு காலு வந்துருச்சு, தலையக் காணோம்" என்பார். யாழ்ப்பாணத்தில், "டொக்டர், ரெண்டு கால் வந்திட்டுது, தலையைக் காணேல்லை" என்பார்கள். அதுவரை கதை ஒன்றுதான். போனை வைத்த பிறகு நடப்பதில்தான் இரண்டு கரையும் பிரிகின்றன.

தமிழ்நாட்டில் தட்டுவதற்குக் கதவுகள் பல. 1962 என்ற இலவச எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தி, பக்கத்து ஊர்க் கால்நடை மருந்தகம், பால் சங்கத்தின் வழியாக வரும் மருத்துவர், தனியாகத் தொழில் செய்பவர். இவர்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பவர்கள் வேறு: சினை ஊசி போடுபவரும், கை விட்டுப் பார்க்கத் தெரிந்த ஊர்ப் பெரியவரும். ஆகவே மருத்துவர் வந்து சேரும்போது அந்தப் பசுவுக்குள் ஏற்கெனவே இரண்டு மூன்று கை போய் வந்திருக்கும், காலில் கயிறும் ஏறியிருக்கும். சில இடங்களில் ஆக்ஸிடோசின் ஊசியும் போட்டாயிற்று. பால் சுரக்கவைக்க அதைக் கண்டபடி போடுகிறார்கள் என்று 2018இல் மத்திய அரசு தனியார் தயாரிப்பையே தடுக்கப் பார்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. சண்டை பெரும்பாலும் பாலைப் பற்றியது. ஆனால் இரண்டு கன்றுகள் வாசலில் சிக்கி நிற்கையில் கருப்பையை இன்னும் அழுத்தச் சொல்லும் அந்த ஊசி, கருப்பையையே கிழித்துவிடக் கூடும்.

இலங்கையில் கதவுகள் குறைவு. நாட்டுக்கே கால்நடை மருத்துவர்களை உருவாக்குவது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடம். பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் இருக்கும் வைத்தியரின் கைபேசி எண்தான் பலருக்கு ஒரே வழி. கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர் அருகில் இருந்தால் அவரும் ஒரு துணை. வருபவர் யாரென்று தெரியும், அவருக்கும் மாடு யாருடையதென்று தெரியும். அது நல்லதுதான். ஆனால் அவர் வேறொரு தொழுவத்தில் நின்றால் பசு காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இழுத்து முடித்த பிறகு மருத்துவரைக் கூப்பிடுகிறார்கள், இலங்கையில் விடியட்டும் என்று விட்டுவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு. விதிவிலக்குகள் இரு பக்கமும் உண்டு. ஆனாலும் இரண்டாவது தவறை மன்னிப்பேன். ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கன்றுகளுக்குக் காத்திருப்பதைவிடக் கயிறுதான் பெரிய எமன்.

இழுப்பதற்கு முன் தெரிய வேண்டியது ஒன்றே: வெளியே தெரியும் இரண்டு காலும் ஒரே கன்றுடையதா? நகம் வெட்டி, மோதிரம் வளையல் கழற்றி, முழங்கைக்கு மேல்வரை சோப்புப் போட்டுக் கழுவி, கையில் தேங்காய் எண்ணெய் தாராளமாகத் தடவிக்கொள்ள வேண்டும். துணி துவைக்கும் தூள் கரைசல் வேண்டவே வேண்டாம். குளம்பிலிருந்து விரல்களை மேலே நகர்த்தினால் முதலில் கணு மூட்டு, அடுத்து இன்னொரு மூட்டு. இரண்டும் ஒரே பக்கமாக மடங்கினால் முன்னங்கால், எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். அந்தக் காலைப் பிடித்தபடியே தோளுக்கோ இடுப்புக்கோ போய், உடம்பைத் தாண்டி, மறுகால் வழியாகத் திரும்பி வெளியே வர வேண்டும். கை வந்து சேர்ந்த இடம் முதலில் பார்த்த இன்னொரு குளம்பு என்றால் இரண்டும் ஒரு கன்றுடையவை. இல்லையென்றால் ஒவ்வொன்றும் ஒரு கன்றின் கால். வாசலுக்கு நெருங்கியது எதுவோ அதுதான் முதலில் வர வேண்டியது. மற்றதை, மாடு முக்காத இடைவெளியில், மெதுவாக உள்ளே தள்ளிப் பிடிக்க வேண்டும். கயிறு கணு மூட்டுக்கு மேலே. இரண்டு ஆள் பலத்துக்கு மேல் கூடாது, அதுவும் மாடு முக்கும்போது மட்டும். உள்ளே தள்ள இடமில்லையென்றால் கையை எடுத்துவிட்டு மருத்துவருக்குக் காத்திருப்பதே மேல்.

முதல் கன்று விழுந்ததும் எல்லோரும் அதனிடம் ஓடிவிடுகிறார்கள். மூக்கைத் துடைப்பதும், கிடேரியா காளையா என்று வாலைத் தூக்கிப் பார்ப்பதும்தான் வேலை. யாழ்ப்பாணத்தில் நாகா நாம்பனா என்பார்கள், அவசரம் அதே. இரண்டாவது கன்று உள்ளே தொப்புள்கொடி அழுந்தி மூச்சுக்குத் தவிப்பதை யாரும் நினைப்பதில்லை. கழுவிய கையை இன்னொரு முறை உள்ளே விட்டுப் பார்க்கும் வழக்கம் இரண்டு நாட்டிலுமே வேரூன்றவில்லை. இரட்டைச் சந்தேகமே இல்லாத பசுவுக்கும் அதைச் செய்யலாம்.

நாட்டு மாடுகளில் இந்தப் பிரச்சினை அபூர்வம். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைக் காட்டுப் பட்டிகளிலும், மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரையிலும் மாடு யாரும் பார்க்காமலே ஈன்றுவிடும். இரட்டையே பிறந்தாலும் காலையில் தாயோடு நிற்கும் கன்றை வைத்துத்தான் கணக்கு. சிக்கல் பால் அதிகம் கறக்கும் மாடுகளில். அதிகம் தின்று அதிகம் கறக்கும் பசுவின் ஈரல், கருமுட்டையைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்களை வேகமாகக் கரைத்துவிடுகிறது. அதனால் ஒரே பருவத்தில் இரண்டு முட்டை வெளிவருகிறது. நாட்டு மாட்டில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத இரட்டை, ஃபிரீசியன் இனத்தில் மூன்றிலிருந்து ஐந்துவரை போகும். தமிழ்நாட்டுக் கொள்கைப்படி சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு ஃபிரீசியன். இலங்கையிலும் குளிர்நாட்டு இனங்கள் மலையகத்தில்தான். ஆகவே இரட்டையை எதிர்பார்க்க வேண்டியவர்கள் நீலகிரிக்காரர்களும், கொழுந்து பறித்துவிட்டு வந்து புல் அறுக்கும் நுவரெலியாத் தோட்டத்துக்காரர்களும். சரிவில் இருக்கும் லயத்துத் தொழுவத்துக்கு இரவில் மருத்துவர் ஏறி வருவது எளிதா என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரட்டை ஈன்ற மாட்டுக்கு நஞ்சுக்கொடி தங்குவது அதிகம். மூங்கில் இலை கொடுப்பது தமிழ்நாட்டின் பழைய கைவைத்தியம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நா. புண்ணியமூர்த்தி முறைப்படுத்திய மூலிகை வைத்தியத்தில், ஈன்றவுடன் ஒரு முழு வெள்ளை முள்ளங்கி, பிறகும் விழாவிட்டால் ஒன்றரைக் கிலோ வெண்டைக்காய், வெல்லம், உப்பு. தேசிய பால்வள வாரியமும் இதைப் பரப்புகிறது. கையால் இழுக்கக் கூடாது என்பதையும் அதே முறை அழுத்திச் சொல்கிறது. விழுந்த கொடியை, யாழ்ப்பாணத்தார் சொல்லும் இளங்கொடியை, கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது இரு கரைக்கும் பொது. பால்மரத்தில் கட்டினால் பால் பெருகும் என்ற நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும். நாய் அதைத் தின்னாமல் இருப்பது பெரிய லாபம். மாட்டுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் நியோஸ்போரா கிருமி நாய் வழியாகவும் சுற்றுகிறது.

சீம்பாலை வெல்லம் போட்டுக் காய்ச்சி அக்கம்பக்கம் கொடுப்பதும், கடும்பு என்று யாழ்ப்பாணத்தில் பகிர்வதும் இந்த முறை வேண்டாம். ஒவ்வொரு கன்றுக்கும் முதல் நாளில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு தேவை, அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள்.

கிடேரியும் காளையும் சேர்ந்து பிறந்தால் மஞ்சள் குங்குமம் வைத்துப் படம் எடுப்பார்கள். ஆனால் அந்தக் கிடேரி பத்தில் ஒன்பது முறை மலடு. இரண்டின் ரத்தமும் கருப்பையிலேயே கலந்து, காளைக் கன்றின் ஹார்மோன் கிடேரியின் கருப்பையை வளரவிடாமல் செய்திருக்கும். கிடேரிக்கென்றே பிரித்த விந்து தமிழ்நாட்டில் பரவினால் இது குறையும். அதுவரை சோதனைதான் வழி. பிறந்த ஒன்றிரண்டு வாரத்தில் முனை மழுங்கிய, எண்ணெய் தடவிய மெல்லிய குழாயை மருத்துவர் பிறப்புறுப்பு வழியே மெல்லச் செலுத்திப் பார்ப்பார். நல்ல கன்றில் ஐந்தாறு அங்குலம் போகும், மலட்டில் மூன்று அங்குலத்துக்குள் முட்டிவிடும். ஐந்து நிமிட வேலை. பார்க்காமல் விட்டவர், இரண்டு வருடம் தீவனம் போட்டு, சினை ஊசிக்கும் செலவழித்த பிறகு அதைத் தெரிந்துகொள்வார்.