இருவர் எடுக்க வேண்டிய முடிவு: ‘மாதொருபாகன்’ நாவலை மீண்டும் வாசிக்கையில்

திருமணமாகி ஓராண்டு கழிந்த தம்பதியரைக் கண்டால் கொங்கு நாட்டார் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “ஏதாச்சும் விசேஷமுங்களா?” கேட்பவர் உள்ளத்தில் பெரும்பாலும் தீங்கில்லை. ஆயினும் அக்கேள்வியைப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன இரு உள்ளங்களின் கதையே பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’. 2010-இல் வெளிவந்த இந்நாவல், 2014-ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்த எதிர்ப்பினால் நாடறிந்ததாயிற்று. 2015 சனவரியில் ஆசிரியர், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என அறிவித்தார். 2016 சூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம், அவர் மீண்டும் எழுத வேண்டும் என்னும் கருத்துடன் தீர்ப்பளித்தது. அந்த ஆரவாரத்தினிடையே நாவலின் உட்பொருளை நம்மில் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

கதை நிகழ்வது ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்துத் திருச்செங்கோட்டுச் சுற்றுப்புறத்தில். காளியும் பொன்னாவும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்த உழவர் குடித்தம்பதியர். மாமியார் வீட்டில் காளி நட்ட பூவரசு கிளைபரப்பி நிழல் தருகிறது. தொண்டுப்பட்டியில் கன்றுகள் பெருகுகின்றன. வீட்டில் மட்டும் தொட்டில் ஆடவில்லை. இந்த எளிய முரணைக் கொண்டே ஆசிரியர் நம் நெஞ்சைத் தொடுகிறார். மற்றொரு திருமணம் செய்துகொள்ளுமாறு பிறர் வற்புறுத்தியும் காளி இசையவில்லை. விதைப்பு நாளிலும் பொன்னா பழிச்சொல் கேட்கிறாள். மலைமீதுள்ள வறடிக்கல்லை, கால் தவறினால் உயிர் தப்பாது என்றறிந்தும், அவள் சுற்றி வருகிறாள். பிள்ளையில்லா வீட்டின் துயரை இத்துணை நுண்மையாகக் கூறிய தமிழ் நாவல்கள் சிலவே.

தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவைக் குறித்த பகுதியே பெரும் சர்ச்சைக்கு உள்ளானது. அது வரலாறா, கற்பனையா என்னும் வாதத்துள் நாம் புகவில்லை. பிற சமயத்தார் போற்றும் திருத்தலத்தைப் பற்றி நாம் தீர்ப்புக் கூறுவது முறையுமன்று. நம்மைச் சிந்திக்கச் செய்வது வேறொன்று. பிள்ளைக்காக அவ்விழாவுக்குச் செல்லும் யோசனையைப் பற்றிக் கணவனும் மனைவியும் முன்பே ஒருமுறை பேசுகின்றனர். அவன் விரும்பினால் தான் இசைவதாக அவள் கூற, அவன் நெஞ்சு காயப்படுகிறது; பேச்சு அங்கேயே அறுந்துவிடுகிறது. பின்னர் இரு தாய்மாரும் பொன்னாவின் தமையன் முத்துவும் சேர்ந்து முடிவெடுக்கின்றனர். காளி சம்மதித்துவிட்டான் என்று அவளிடம் பொய் கூறப்படுகிறது. அவள் அதை நம்பிச் செல்கிறாள்.

நாவலின் உண்மையான சோகம் இங்கேதான் உள்ளதென நாம் கருதுகிறோம். குழந்தையின்மை அவர்களைப் பிரிக்கவில்லை. இருவரும் எடுக்க வேண்டிய முடிவை, அன்பின் பெயரால் மற்றவர்கள் எடுத்ததே பிரித்தது. அப்பொய் வென்றதற்கும் காரணம் உண்டு: தம்பதியர் பேசி முடிக்காமல் விட்ட பேச்சு.

குறை ஒன்றையும் கூற வேண்டும். பிள்ளையின்றியும் நிறைவாக வாழலாம் என்னும் குரலை ஆசிரியர் நல்லுப்பையன் சித்தப்பாவுக்குத் தருகிறார். குடும்பக் கட்டுக்குள் அடங்காத அம்மனிதர் நம்மைச் சிரிக்க வைக்கிறார். ஆனால் அவர் வழி தனியன் ஒருவனின் வழி. இணைபிரியாத இருவர் அவ்வழியைத் தேர்ந்தால் வாழ்வு எவ்வாறிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க நாவல் போதிய இடம் தரவில்லை.

இன்றும் இக்கேள்வி பழையதாகிவிடவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே. படிப்பு, வேலை, கடன் ஆகியவற்றால் திருமணமும் மகப்பேறும் தள்ளிப்போகின்றன. கோவையில் கருத்தரிப்பு மையங்கள் பல உள்ளன. 2021-ஆம் ஆண்டின் சட்டம் இச்சிகிச்சைக்குப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என வயது வரம்பு விதித்துள்ளது. திருச்சபையோ, 1987-இல் வெளியிட்ட போதனையில், குழந்தை இறைவனின் கொடையேயன்றி உரிமைப் பொருளன்று என்றுரைத்து, சோதனைக்குழாய்க் கருத்தரிப்பை ஏற்க மறுத்தது. குழந்தையற்ற மணவாழ்வும் மதிப்பிழப்பதில்லை என்றும் கூறியது. சட்டமும் போதனையும் தெளிவாயிருப்பினும், நாற்பதை நெருங்கும் தம்பதியரின் இரவுகள் எளிதாயிருப்பதில்லை. முதிர்ந்த வயதின் ஆபத்துகளை ஏற்று முயல்வதா, ஆதரவற்ற குழந்தை ஒன்றைத் தத்தெடுப்பதா, இருவராகவே வாழ்ந்து பிறர்பணி செய்வதா என்பதை அவர்களே செபித்து, பேசி, தெளிய வேண்டும்.

முதுமையில் கருவுற்ற எலிசபெத்தை லூக்கா நற்செய்தியில் காண்கிறோம். தனக்கு மக்களிடையே இருந்த இகழ்ச்சியை ஆண்டவர் நீக்கினார் என்றே அவர் மகிழ்கிறார். அந்த இகழ்ச்சி இறைவனிடமிருந்து வந்ததன்று, மக்களிடமிருந்து வந்தது. எலிசபெத்தும் செக்கரியாவும் குழந்தை பெறுமுன்பே கடவுள் முன்னிலையில் நேர்மையாளராய் விளங்கினர் என்று அதே நற்செய்தி முன்னரே கூறிவிடுகிறது.

ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கையில், நம் நாவில் அந்தப் பழைய கேள்வி எழக்கூடும். பொன்னாவை நினைத்தேனும் அதைக் கேளாமல் விடுவோம். “நல்லா இருக்கீங்களா?” என்று விசாரிப்பதே போதுமானது.