விழாத பரிசும் விழுந்த பணமும்

ருஷிய ஆசிரியர் செகாவ் 1887ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லாட்டரிச் சீட்டு’ என்னும் சிறுகதை சில பக்கங்களில் முடிந்துவிடுவது. சுவீப்பும் நாலு நம்பரும் தெரிந்த நம்மவர்க்கு அதன் விஷயத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாகனம் கவிழ்ந்தால் அடிபட்டவன் யாரென்று கேட்குமுன் வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளும் கூட்டம் நம்மிடையே உண்டு. அத்தகையோருக்கு இக்கதையைப் படித்துக் காட்டி, “பார், ஆசை வைத்தான், பரிசு விழவில்லை, மோசம் போனான்” என்று புத்தி சொல்வது எளிது. கதையை வாசித்தோர் பலரும் அவ்வளவோடு அதை மூடிவிடுகின்றனர். அஃது அத்துணை எளிய கதையன்று என்பது நமது அபிப்பிராயம்.

இவான் திமித்ரிச் ஆண்டுக்கு 1,200 ரூபிள் வருவாயில் குடும்பம் நடத்துகிறவன். அதில் அவனுக்கு யாதொரு குறையும் இல்லை. இராச் சாப்பாடு ஆனபின் பத்திரிகையைப் பிரிக்கிறான். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி மாஷா, பரிசு எண்கள் வந்திருக்கின்றனவா என்று கேட்கிறாள். அவனுக்கு லாட்டரியில் நம்பிக்கை கிடையாது. வேறு வேலையில்லாமையால் பார்க்கிறான். சீட்டின் வரிசை எண் 9,499 அதில் இருக்கிறது! தனி எண் 26 இருக்கிறதா என்று அப்போதே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஆசையின் இன்பத்தைச் சற்று நீட்டித்துக்கொள்ள விரும்பிப் பத்திரிகையை ஒதுக்கிவிட்டுக் கனவில் இறங்குகிறான். பரிசு 75,000 ரூபிள். அவனுடைய 62 ஆண்டு வருவாய்க்கும் மேற்பட்டது.

இவ்விடத்தில் அவன் சொல்லும் ஒரு சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். சீட்டு உன்னுடையதுதான், ஆனாலும் என்னுடையதாக இருந்தால் என்று தொடங்கி, 25,000க்கு நிலம், 10,000க்குக் கடனும் சாமான்களும் பிரயாணமும், மிகுதி 40,000 பாங்கியில் வட்டிக்கு என்று ஒரே மூச்சில் பங்கிட்டுவிடுகிறான். ஆம், சீட்டு மாஷாவினுடையது. பணம் எவருடையதோ அவரை எவரும் கேட்கவில்லை. நிலம் வாங்குவது நல்லதுதான் என்று அவள் ஒத்துப் பேசுவதோடு சரி.

பின்னர் வெளிநாட்டுப் பிரயாணத்தைக் கற்பனை செய்கிறான். கூடவே மனைவியும் வருவாள்; மூட்டைகளும் கூடைகளும் வரும்; தலைவலி என்பாள், காசு கரைகிறதே என்பாள். ஒவ்வொரு காசுக்கும் அவளிடமல்லவா கையேந்த வேண்டும்? சீட்டு தன்னுடையதன்று என்பது அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. அவள் கிழவியாகிவிட்டாள் என்பதும், அவள் உறவினர் ஒட்டுண்ணிகள் என்பதும் அதே நிமிஷத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன. அவளும் அவனை வெறுப்போடு நோக்குகிறாள். தன் பரிசின்மேல் முதலில் கை வைக்க வருபவன் எவன் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கும் கனவுகள் இருந்தன. அக்கனவுகள் எவை என்பதைச் செகாவ் நமக்குச் சொல்லவேயில்லை. கதையின் குறையென்று எவரேனும் கூறினால் நாம் மறுக்க மாட்டோம்.

முடிவில் இவான் பத்திரிகையை மீண்டும் எடுத்து, எண் 46, 26 அன்று எனப் படிக்கிறான். துக்கத்தோடு படிக்கவில்லை, வெற்றி கொண்டவன் குரலில் படிக்கிறான்! இதுவே கதையின் உயிர்நிலை என்று கருதுகின்றோம். மனைவிக்கு வருமென்றால் 75,000 ரூபிளும் அவனுக்கு வேண்டாத பரிசாயிற்று. பரிசு தப்பியது அவனுக்குத் தண்டனையன்று, விடுதலை. ஆனால் அந்த விடுதலைக்குப் பின் அதே அறை இருண்டு தாழ்ந்து தோன்றுகிறது. உண்ட சோறு வயிற்றில் கனக்கிறது. காலில் படும் ரொட்டித் துணுக்குக்கெல்லாம் அவள்மேல் எரிந்து விழுகிறான். குறள் சூது அதிகாரத்தின் முதற்பாட்டு, வென்ற பொருளையே மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிடுகிறது. செகாவ் ஒருபடி மேலே போய், தூண்டிலை விழுங்காத மீனின் வாயிலும் புண்ணைக் காட்டுகிறார்.

ஆயினும் ஒரு கேள்வியினின்று அவர் தப்பித்துக்கொண்டார். எண் 26 ஆகவே இருந்திருந்தால்? வேண்டாத பணம் மெய்யாகவே வந்து மடியில் விழுந்தால் என் செய்வது? இதற்கு அஞ்சாமல் இறங்கியவர் பெர்னாட் ஷா. 1905இல் அரங்கேறிய அவருடைய ‘மேஜர் பார்பரா’ நாடகத்தில் விழுவது லாட்டரிப் பணமன்று, சாராய ஆலைக்காரனும் பீரங்கி வியாபாரியும் ஏழைகளின் விடுதிக்குக் கொடுக்கும் ஆளுக்கு 5,000 பவுன் நன்கொடை. ஒரு பெண்ணை அடித்த முரடன் பரிகாரமாக நீட்டிய ஒரு பவுனைப் பார்பரா வாங்க மறுத்தவள். மேலதிகாரியான அம்மையார் பத்தாயிரத்தையும் நன்றியோடு ஏற்கிறாள். பார்பரா தன் சட்டையிலிருந்த சின்னத்தைக் கழற்றித் தந்தையாகிய பீரங்கி வியாபாரியின் மார்பிலேயே குத்திவிடுகிறாள். முரடன் அவளைப் பார்த்து எள்ளுகிறான். அவன் பவுனையோ அதற்குள் இன்னொருவன் திருடிப் போய்விட்டான்! இந்தக் காட்சிக்கு ஈடாக மற்றொன்றை நாம் வாசித்ததில்லை.

மாசற்ற பணம் என்று உலகில் ஒன்றில்லை என்பது ஷாவின் கட்சி. தமக்கு 1925ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு வந்தபோது அவர் பட்டத்தை ஏற்றுப் பணத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், சுவீடிஷ் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்க்கும் ஒரு நிதிக்கு விட்டுவிட்டார். பாராட்டத்தக்கதே. ஆனால் அப்பணம் இல்லாமலே உண்டு உடுக்க அவருக்கு வழியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பொதுக் காரியத்தைச் சொல்லிச் சூதைக் கழுவுவது புதிதன்று. 1930இல் தொடங்கிய ஐரிஷ் சுவீப் ஆஸ்பத்திரிகளின் பேரால் நடந்தது. 1969இல் சிங்கப்பூர் சுவீப் ஏற்பட்டது தேசிய விளையாட்டரங்கத்துக்குப் பணம் திரட்ட. அரங்கு 1973இல் திறக்கப்பட்டது. பதினாயிரக்கணக்கானோர் அதில் கூடிக் களித்தனர். நஷ்டப்பட்ட சீட்டுகளால் எழுந்த கட்டடம் என்று எவரும் வெளியே நின்றுவிடவில்லை. தோட்டத்து வாசகசாலைக்குச் சுவீப்பில் வென்றவர் ஒருவர் புத்தக அலமாரி வாங்கித் தந்தால் நாமும் வாங்கிக்கொள்வோம் என்றே எண்ணுகிறோம். வாங்கும்போது பார்பராவின் முகம் நினைவுக்கு வரும், வரட்டும்.

ஆனால் ஏற்பதா மறுப்பதா என்று சபை கூடி வாதிடுமுன், அந்தப் பணம் எவர் கைப் பணம், அவரைக் கேட்டார்களா என்பதை விசாரிக்க வேண்டும். ஷாவின் நாடகத்திலும் அம்மையார் பார்பராவைக் கேட்டுப் பணத்தை வாங்கவில்லை. மாஷாவையும் எவரும் கேட்கவில்லை. நம் வீடுகளில் மனைவியின் கூலியும் நகையும் எவ்விதம் பங்கிடப்படுகின்றன என்பதை அறிந்தவர்க்கு இது ருஷிய நாட்டுச் சமாச்சாரமாகத் தோன்றாது.

செகாவ் விட்ட இடத்திலிருந்து ஒருவர் தமிழில் எழுத வேண்டும். லயத்து வீடொன்றில் சம்பள நாளன்று எண் சரியாகவே விழட்டும். சீட்டு மனைவியின் பெயரிலேயே இருக்கட்டும். புருஷன் நிலத்தையும் வட்டியையும் கணக்கிட்டு முடிக்குமுன் அவள் வாய் திறந்து என்ன சொன்னாள் என்பதை நாம் வாசிக்கக் காத்திருக்கிறோம்.