கால் தரையில் பட்ட நாள்

என் உயரம் 152 சென்டிமீட்டர். பதினெட்டு வருடமாக நாற்காலியில் உட்கார்ந்துதான் பிழைப்பு. ஆனால் இரண்டு பாதங்களும் முழுசாகத் தரையில் பதிய, முதுகும் சாய்வில் பதிய நான் உட்கார்ந்தது இந்தச் சித்திரையில்தான். மூன்று மாதம் ஆகிறது. இன்னும் அந்தச் சந்தோஷம் குறையவில்லை.

பம்ப் பாகங்களுக்கு கேட் (CAD) டிராயிங் போடுவது என் தொழில். இம்பெல்லர், கேசிங், ஷாஃப்ட் ஸ்லீவ் என்று குறிச்சி சிட்கோவிலிருந்தும் மலுமிச்சம்பட்டியிலிருந்தும் வேலை வரும். மதுக்கரையில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து வரைந்து அனுப்புவேன். ஜன்னலைத் திறந்தால் தர்மலிங்கேஸ்வரர் மலை தெரியும். ராத்திரியில் பாலக்காட்டு லைனில் கூட்ஸ் வண்டி போகிற சத்தம் கேட்கும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம். டெலிவரி நெருக்கினால் பன்னிரண்டு.

முன்பு இருந்த நாற்காலி ஆன்லைனில் படம் பார்த்து வாங்கியது. கருப்பு ரெக்ஸின், உயர்ந்த முதுகு, தலைக்கு ஒரு குட்டித் தலையணை. அடி மட்டத்துக்கு இறக்கினாலும் இருக்கை தரையிலிருந்து 48 செ.மீ. உயரத்தில்தான் நிற்கும். கால் தொங்கும். தொங்குகிற காலின் பாரம் தொடையின் அடியில் போய் அழுத்தும். அது மரத்துப்போகாமல் இருக்க உடம்பு தானாகவே முன்னால் நகர்ந்துவிடும். நகர்ந்தால் முதுகுக்குச் சாய்வு கிடையாது, அப்புறம் திரையை நோக்கிக் குனிவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு வருடம் இடுப்பில் வலி. கடைசியில் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனேன். வேலை செய்யும்போது பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து வரச் சொன்னார். போட்டோவைப் பார்த்ததும், "அம்மணி, இவ்வளவு பெரிய நாற்காலியில நீங்க உக்காந்திருக்கற இடம் நாலு விரக்கடைதானுங்க" என்றார்.

நான் அதிர்ந்துபோனேன். அரை மில்லிமீட்டர் தப்பினால் இம்பெல்லர் கேசிங்கில் உரசும் என்று அடுத்தவர்களுக்கு வரைந்து கொடுக்கிறவள், நாள் பூராவும் நான் பொருந்த வேண்டிய பொருளை அளந்தே பார்க்காமல் வாங்கியிருக்கிறேன்!

அன்றைக்கு ராத்திரியே ஒரு பலகையில் உட்கார்ந்துகொண்டு, மகளிடம் டேப்பைக் கொடுத்து என்னை அளக்கச் சொன்னேன். முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை, வீட்டுச் செருப்போடு, 40.5 செ.மீ. பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை 44. உட்கார்ந்த பலகையிலிருந்து மடித்த முழங்கை வரை 22. மூன்றே எண்கள். நாற்காலி பார்க்கப் போகிற எவரும் பணத்தை எண்ணுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். முதல் எண் இருக்கையின் உயரம். இரண்டாவதில் மூன்று நான்கு செ.மீ. கழித்தால் இருக்கையின் ஆழம், அதாவது உட்கார்ந்த பிறகு முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். மூன்றாவது கைதாங்கியின் உயரம்.

நம் ஊர் உடம்புகளை யாராவது இப்படி அளந்திருக்கிறார்களா என்று தேடியபோது ஒரு புதையல் கிடைத்தது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-ல் வெளியிட்ட, தேபகுமார் சக்கரவர்த்தியின் இந்திய உடலளவு நூல். நின்றால், உட்கார்ந்தால், கை நீட்டினால் இந்திய ஆண் பெண் உடம்பு எவ்வளவு என்று பட்டியல் பட்டியலாக இருக்கிறது. அதைப் புரட்டியபோது எனக்குக் கண் கலங்கியது. என் கால் குட்டை இல்லை. அந்த நாற்காலி என்னை நினைத்துச் செய்யப்படவில்லை, அவ்வளவுதான்.

அவிநாசி ரோட்டில் இரண்டு ஷோரூம் ஏறி இறங்கினேன். கடைக்காரர்கள் நல்ல மாதிரியாகத்தான் காட்டினார்கள். பிஃப்மா சான்று இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார்கள். அந்தச் சான்று வெறும் ஸ்டிக்கர் இல்லை. 57 கிலோ மூட்டையை இருக்கையில் ஒரு லட்சம் தடவை போட்டுப் பார்க்கிற சோதனை அதில் உண்டு. நாற்காலி உடையாது என்பதற்கு அது உத்தரவாதம். எனக்குப் பொருந்துமா என்பதற்கு டேப்தான் உத்தரவாதம். பத்து நாற்காலி அளந்தேன். எட்டு 44 செ.மீ.க்குக் கீழே இறங்கவில்லை. இறங்கிய இரண்டில் இருக்கையின் ஆழத்தை மாற்ற வழியில்லை.

அப்புறம்தான் கிடங்கைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பெங்களூரில் ஐ.டி. ஆபீஸ்கள் காலி செய்கிற நாற்காலிகளை லாரியில் கொண்டுவந்து துடைத்து, பழுது பார்த்து விற்கிற இடம். மதுக்கரையில் பைபாஸ் ஏறி சிந்தாமணிப்புதூரில் இறங்கினால் கொஞ்ச தூரம். தகரக் கூரைக்குக் கீழே நூறு நூற்றைம்பது நாற்காலிகள், தூசியோடும் நூல் பிரிந்தும், உலகத்தின் மிகச் சிறந்த நாற்காலிகள்! "அவசரமே இல்லீங்க்கா, தாராளமா உக்காந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு கிடங்கை நடத்துகிற அண்ணன் டீ வாங்கப் போய்விட்டார். நான் நான்கு மணி நேரம் இருந்தேன். என் வாழ்க்கையின் ஆகச் சிறந்த நான்கு மணி நேரங்களில் அது ஒன்று.

முதலில் ஏரான். ஹெர்மன் மில்லர் கம்பெனிக்காக பில் ஸ்டம்ஃபும் டான் சாட்விக்கும் வடிவமைத்து 1994-ல் வந்தது. பஞ்சே கிடையாது, சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை மட்டும். புதிதாக வாங்கினால் ஒரு லட்சத்தைத் தாண்டும். நெடுநேரம் உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கிற முதியவர்களுக்காக அவர்கள் செய்த ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது அந்த வலை யோசனை. காற்று புக வேண்டும், ஓரிடத்திலேயே அழுத்தம் விழக்கூடாது. 2016-ல் அதைத் திருத்தியபோது வலையின் இறுக்கத்தை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, ஓர் இடத்தில் கெட்டியாகவும் ஓர் இடத்தில் தளர்வாகவும் நெய்தார்கள்.

அதில் உட்கார்ந்த நொடியில் எனக்குக் கிணத்துக்கடவில் அம்மிச்சியின் கயிற்றுக் கட்டில் ஞாபகம் வந்தது. அதே தாங்கல்! அம்மிச்சி பத்து நாளைக்கு ஒரு தடவை கால்மாட்டில் நின்று, கட்டில் சட்டத்தில் பாதத்தை ஊன்றி, கயிற்றை இழுத்து இறுக்குவார். நடுவில் இடுப்பு பதிகிற இடத்தில் எவ்வளவு தொய்வு விட வேண்டும் என்பது அவருடைய கைக்குத் தெரியும். கோடையில் வேர்க்காது, முதுகும் பிடிக்காது. சொல்லிக்கொடுத்த எஞ்சினியர் யாரும் இல்லை. ஹெர்மன் மில்லர் இருக்கிற மிச்சிகனில் அந்த வலைக்காக எவ்வளவு யோசித்திருப்பார்களோ, அவ்வளவும் அம்மிச்சியின் கட்டைவிரலில் இருந்தது என்று இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் ஏரானில் இருக்கையின் ஆழத்தை மாற்ற முடியாது. அதற்குப் பதிலாக ஏ, பி, சி என்று மூன்று அளவில் வருகிறது. எந்த அளவு என்று தெரிய, முதுகுச் சட்டத்தின் மேல் விளிம்புக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவ வேண்டும். ஒரு புள்ளி தட்டுப்பட்டால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று என்றால் சி. கண்ணை மூடிக்கொண்டு அளவு சொல்லலாம், எவ்வளவு அழகான யோசனை! கிடங்கில் இருந்த பதினோரு ஏரானையும் தடவினேன். எல்லாம் இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. ஆபீஸுக்கு மொத்தமாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நடு அளவைத்தான் வாங்குவார்களாம். இரண்டு புள்ளியில் சட்டத்தின் விளிம்பு என் முழங்கால் மடிப்பைத் தொட்டது. அருமையான நாற்காலி, வேறு யாருக்கோ உரியது.

அதற்குப் பக்கத்தில்தான் லீப் இருந்தது. சாம்பல் நிறத் துணி, பார்வைக்குச் சாதாரணம். ஸ்டீல்கேஸ் கம்பெனி 1999-ல் கொண்டுவந்தது. இந்த இரண்டு கம்பெனியும் ஒரே மாநிலம், மதுக்கரைக்கும் பொள்ளாச்சிக்கும் உள்ள தூரத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்!

நெம்புகோலை இழுத்து இறக்கினேன். இறங்கியது, இன்னும் இறங்கியது, 39.5 வரை. ஒரு செ.மீ. ஏற்றினேன். பாதம் தரையில். குதிகாலும்கூட. அடுத்த நெம்புகோலைத் தூக்கி இருக்கையைப் பின்னால் தள்ளினேன். ஆழம் 40-க்கு வந்தது. முழங்கால் மடிப்பில் மூன்று விரல். முதுகை வைத்தேன். சாய்வு ஒரே பலகையாக இல்லாமல் என் முதுகோடு சேர்ந்து வளைந்தது. மேல்முதுகு ஒரு மாதிரி, கீழ்முதுகு ஒரு மாதிரி. கீழ்முதுகின் கெட்டித்தனத்துக்குத் தனியாக ஒரு குமிழ். அதைத் திருகத் திருக, இடுப்புக்குப் பின்னால் யாரோ உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தாங்குவதுபோல் இருந்தது.

அப்புறம் சாய்ந்தேன். மற்ற நாற்காலிகளில் சாய்ந்தால் கை கீபோர்டை விட்டு விலகிப் போகும். இதில் முதுகு பின்னால் போகும்போது இருக்கை முன்னால் நழுவி வருகிறது. சாய்ந்தபடியே மவுஸ் எட்டுகிறது! நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அண்ணன் கொடுத்த டீ ஆறிப்போனது.

சாய்வது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்காக ஒரு செய்தி. ஸ்வீடனின் அல்ஃப் நாகெம்சன் 1960-களில் முதுகெலும்பின் வட்டுக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது 100 என்று வைத்தால், சாய்வில்லாமல் உட்காரும்போது 140, உட்கார்ந்து குனியும்போது 185. ஜெர்மனியின் உல்ம் நகரில் ஹான்ஸ் யோவாகிம் வில்கெ குழு 1999-ல் மறுபடி அளந்தபோது, சாய்வில்லாமல் தளர்வாக உட்காருவது நிற்பதைவிட மோசமில்லை என்று வந்தது. ஆனால் குனிந்தால் ஏறுகிறது, பின்னால் சாய்ந்தால் இறங்குகிறது என்பதில் சந்தேகமே இல்லை. பள்ளிக்கூடத்தில் "நேரா உக்காரு" என்று அதட்டியதெல்லாம் பாதி உண்மைதான்.

பழைய நாற்காலி என்பதால் இருக்கையை ஏற்றி இறக்குகிற காஸ் சிலிண்டரைச் சோதித்தேன். முழு உயரத்துக்கு ஏற்றி, டேப்பில் உயரத்தைக் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். உள்ளே இருக்கிற நைட்ரஜன் கசிந்தால் இருக்கை மெல்ல இறங்கிவிடும். ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. 19,500 ரூபாய். பேரமே பேசத் தோன்றவில்லை. சின்ன யானையில் ஏற்றி, நானும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, பைபாஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். துணியை ஷாம்பு போட்டுக் கழுவி மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். டைல்ஸ் தரையில் கோடு விழாமல் இருக்க ஐந்து வீலையும் கழற்றி மிருதுவான வீல் மாட்டினேன்.

இத்தனைக்கும் பிறகு மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தால் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறின. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருக்கை 40.5, முழங்கை 22, கூட்டினால் 62.5. மேசையோ 75! நாற்காலியை ஏற்றினால் கால் தொங்கும், இறக்கினால் தோள் தூக்கும். இத்தனை வருடமும் தப்பு நாற்காலியிடம் மட்டும் இல்லை. மறுநாளே ஆசாரியை வரச்சொன்னேன். "நல்ல தேக்குக் காலுங்க அம்மணி, மனசு வருதுங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். வந்தது. நான்கு காலிலும் 11 செ.மீ. அறுத்தார். அந்தத் துண்டுகளில் இரண்டு இப்போது மானிட்டருக்கு அடியில் முட்டுக்கொடுத்து நிற்கின்றன.

அன்றைக்கு மாலை ஒரு கேசிங் டிராயிங்கை எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது ஒன்பதரை. இடுப்பு என்று ஒன்று இருக்கிற ஞாபகமே வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கத்தான் செய்கிறேன். எந்த நாற்காலியும் அதற்கு மாற்றில்லை. ஆனால் முன்பு வலி எழுப்பியது, இப்போது கடிகாரம் எழுப்புகிறது. ஆனி அமாவாசைக்கு மலையேறிச் சாமி கும்பிட்டு வந்தேன், வழியில் எங்கும் உட்காராமல். இப்போது ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து ஜன்னல் திரையைத் தூக்குகிறது. பாதம் தரையில் இருக்க, முதுகு சாய்வில் இருக்க, அந்தக் காற்றில் இம்பெல்லர் வரைகிற சுகத்தை எப்படிச் சொல்வது!

போன வாரம் போத்தனூரிலிருந்து தம்பி மனைவி வந்தாள். ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறவள், என்னைவிடக் குள்ளம், அதே இடுப்பு வலி. உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நங்கையா, இதே கம்பெனி, இதே மாடலே எனக்கும் வாங்கிக் குடுங்க" என்றாள். நான் டேப்பை எடுத்துவந்தேன். முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை 38. லீப் அவளுக்கு உயரம்.

நேற்று கிடங்கு அண்ணன் போன் செய்தார். புது லோடு வந்திருக்கிறதாம், தடவிப் பார்த்ததில் ஒன்றில் ஒரே ஒரு புள்ளி தட்டுப்பட்டதாம். ஞாயிற்றுக்கிழமை வரை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.