அளக்காத நாளின் கணக்கு

திருப்பூர்ச் சாயத் தொழிலில் பூஜ்யத்துக்குச் சட்டத்தின் எடை உண்டு. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் பாழான பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலையை எட்டும் வரை சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. அன்றிலிருந்து, வெளியேற்றக் கணக்கில் 0 என்பதே பட்டறை ஒழுங்காக நடப்பதற்கு அடையாளம். அப்படியானால் மீட்டர் பழுதான நாளுக்குத் தரவுத்தளத்தில் எதைப் பதிவது? காலிக் கட்டத்தில் தானாக 0 விழும்படி மென்பொருளை அமைத்தால், அளக்காத நாள் குற்றமற்ற நாளாகிவிடும். கட்டத்தைக் காலியாகவே விட வேண்டும். ஏன் காலி என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

இதில் தரவுத்தள அறிஞர்கள் ஒருமனதாக இருந்ததில்லை. 1970-ல் உறவுநிலைத் தரவுத்தளக் கோட்பாட்டைத் தந்த ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட், 1979-ல் ‘நல்’ என்னும் வெற்றுக்குறியையும், உண்மை, பொய், தெரியாது என்ற மூவகைத் தருக்கத்தையும் விரித்துரைத்தார். பின்னாளில், தெரியாத மதிப்புக்கு ஒன்று, பொருந்தாத மதிப்புக்கு ஒன்று என இரு குறிகள் கேட்டார். பனியன் கம்பெனிக்காரருக்கு இந்தப் பிரிவு உடனே விளங்கும். டையிங்கிலிருந்து வந்து இன்னும் தராசு ஏறாத துணிக்கு எடை உண்டு, நமக்குத் தெரியாது; நூலிலேயே சாயமேற்றிப் பின்னிய துணிக்கோ துணிச்சாய லாட் எண் என்ற ஒன்றே கிடையாது. 1986-ல் வந்த எஸ்.கியூ.எல். தரநிலை ஒரே குறியோடு நின்றுவிட்டது. இது பெரிய இழப்பு. கிறிஸ் டேட், ஹியூ டார்வென் என்ற அறிஞர்கள் இருவரும் வெற்றுக்குறியே வேண்டாம், தெரிந்ததை மட்டும் தனித்தனி அட்டவணைகளில் வையுங்கள் என்றனர்.

வெற்றுக்குறி கணக்கைக் குழப்பும் என்ற டேட்டின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. வெளியேற்றம் 0 ஆன நாட்களைக் கேட்டாலும், 0-வுக்கு மேற்பட்ட நாட்களைக் கேட்டாலும், வெற்றுக்குறி உள்ள நாள் இரண்டு பட்டியலிலும் வராது; சராசரியும் அதை விட்டுவிட்டே கணக்கிடும். ஆனால் அட்டவணையைப் பிரித்தால் மட்டும் அந்த நாள் வாய் திறந்துவிடாது. இல்லாத வரிசையை எவரும் தேடுவதில்லை. அதனால் எண்ணுக்கு ஒரு பத்தி, காரணத்துக்கு ஒரு பத்தி. இரண்டில் ஒன்று மட்டுமே நிரம்பியிருக்க வேண்டும் என்பதைத் தரவுத்தளமே கட்டாயமாக்கட்டும். அளக்காத நாட்களின் எண்ணிக்கையும் மாத அறிக்கையில் தனியாக வரட்டும்.

இரவு ஷிஃப்ட் ஆளுக்கு இதற்கெல்லாம் நேரமேது, முதலில் தெரியும் காரணத்தைத் தட்டிவிடுவார் என்பார்கள். உண்மைதான். அதனால்தான் காரணங்கள் மூன்று நான்குக்கு மேல் போகக்கூடாது, எதுவும் முன்கூட்டியே தேர்வாகியிருக்கவும் கூடாது. விடுமுறை நாளுக்காவது 0 போடலாமே என்ற வாதத்தை மட்டும் ஏற்க முடியாது. சாயம் ஓடாத நாளிலும் தொட்டியில் தேங்கிய கழிவு வெளியேற முடியும்; அன்றும் மீட்டர் காட்டியதைத்தான் பதிய வேண்டும்.