முழுக்கப் பச்சை, ஆனா கௌரியைக் காணோம்

சிறு பனியன் யூனிட்டுகளுக்கு வருகைப் பதிவும் சம்பளச் சீட்டும் போட்டுத் தரும் ஒரு மென்பொருளின் தானியங்கிச் சோதனை அமைப்பை இரண்டு வாரமாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதிக் கொடுத்தது யார் என்பது இங்கே தேவையில்லை. நிரலைக் குறை சொல்ல நாலு பேர் வருவார்கள். அந்த நிரலைச் சோதிக்கும் யாமல் கோப்பை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதனால் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வெளியே இருந்து பார்த்தா ஒரு குறையும் தெரியாது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ், பைடெஸ்ட், மூன்று பைத்தான் பதிப்புகளில் ஓட்டம், கவரேஜ் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல். எல்லாம் பச்சை டிக். ஆனால் யூனிட்டில் கௌரி என்ற பெயரைத் தேடினால் சில நாள் வரும், சில நாள் வராது. ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு. பகல் ஷிஃப்ட் ஒன்றில், ராத்திரி ஷிஃப்ட் இன்னொன்றில். சனிக்கிழமை சம்பளம் போடும்போது யாராவது கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தால்தான் அந்தக் காசு கைக்கு வரும்.

முதலிபாளையம் சிட்கோ பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு ஏ.க்யூ.எல். பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 3000 பீஸ் ஆர்டர் என்றால், ஐ.எஸ்.ஓ. 2859 அட்டவணையின் இரண்டாம் நிலைப்படி 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். ஏ.க்யூ.எல். 2.5 என்றால் 7 பெரிய குறை வரைக்கும் பாஸ், 8 வந்தால் ஃபெயில். கணக்கு சுத்தமானது. ஆனால் அந்த 125-ம் எல்லாப் பெட்டியிலிருந்தும் கலந்து எடுத்ததாக இருக்க வேண்டும். சூப்பர்வைசர் முன்னால் தள்ளி வைத்த இரண்டு பெட்டியிலிருந்து எடுத்தால், எண்ணிக்கை சரி, இன்ஸ்பெக்‌ஷன் பொய்.

இந்தச் சோதனை அமைப்பில் நடந்திருப்பதும் அதேதான். சோதனைத் தரவில் இருக்கும் பெயர்கள் எல்லாம் ஜான், ஆலிஸ், பாப். மென்பொருள் ஓடுவது தமிழ்ப் பெயர்களில். கவரேஜ் எண் சொல்வது எந்த வரிகள் ஓடின என்பதை மட்டும்தான். எந்தத் தரவோடு ஓடின என்று அது சொல்லாது.

கௌரியையே எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் ‘ௌ’ என்ற குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் சிறகு என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். இரண்டும் ஒன்றுதான் என்று யூனிகோடு தரமே சொல்கிறது. ஆனால் கணினி பைட்டுகளை ஒப்பிட்டால் வேறு வேறு. என்.எஃப்.சி. முறையில் நார்மலைஸ் செய்தால் இது தீர்ந்துவிடும், ஒரு வரி வேலை. மூன்றாவது வடிவம்தான் தொல்லை பிடித்தது: ‘கெ’ போட்டு, பக்கத்தில் ‘ள’ எழுத்தையே போட்டு ‘கெளரி’ என்று அடிப்பது. நம் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் அடிக்கிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நார்மலைஸ் செய்தாலும் சேராது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. சௌந்தரம், கௌசல்யா, ஔவை எல்லாருக்கும் இதே கதி. ஜான், ஆலிஸை வைத்து ஆயிரம் சோதனை எழுதினாலும் இது வெளியே வராது.

அடுத்தது தேடல். பெயரைச் சொற்களாகப் பிரிக்க, பைத்தானோடு வரும் ‘ஆர்.இ.’ தொகுப்பின் ‘டபிள்யூ’ குறியை நம்பியிருக்கிறார்கள். அது புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாக எண்ணாது. ‘திருப்பூர்’ என்று கொடுத்தால் த, ர, ப, ப, ர என்று ஐந்து துண்டாகத் திரும்பி வரும். கூடவே, ஒற்றை எழுத்துத் துண்டுகளை ஒதுக்கு என்று ஒரு விதி. ஆக, ஊர்ப் பெயரே காணாமல் போகிறது. சைகிட்-லேர்ன் போன்ற புகழ்பெற்ற தொகுப்பின் இயல்பு அமைப்பும் இதே மாதிரிதான் இருக்கிறது என்பதால் இவர்களை மட்டும் திட்டவும் மனசு வரவில்லை. ஆனால் சோதனையில் ஒரே ஒரு தமிழ் ஊர்ப் பெயர் இருந்திருந்தால் முதல் நாளே சிவப்பு விழுந்திருக்கும்.

நேர மண்டலம். சி.ஐ. இயந்திரம் ஓடுவது யு.டி.சி. நேரத்தில். சோதனையில் காலை 9 மணி வருகை மட்டும்தான் இருக்கிறது, அது யு.டி.சி.யில் அதிகாலை 3:30, அதே தேதி. ராத்திரி ஷிஃப்டில் ஒரு மணிக்கு கை வைத்தவருக்கு? யு.டி.சி.யில் முந்தைய நாள் மாலை 7:30. நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரை வரும் ஒவ்வொரு பதிவும் ஒரு நாள் முன்னால் போய் உட்காரும். ஒன்றரை ஷிஃப்ட், ரெண்டு ஷிஃப்ட் என்று கணக்கு ஓடுகிற ஊருக்கு எழுதிய மென்பொருளில் ராத்திரி நேரத்துக்கு ஒரு சோதனைகூட இல்லை என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சம்பளச் சீட்டு பி.டி.எஃப். சோதனை இன்னும் மோசம். கோப்பு உருவானதா, அளவு சுழியத்தை விடப் பெரிதா, அவ்வளவுதான் பார்க்கிறது. அவர்கள் பயன்படுத்தும் டெபியன் ஸ்லிம் கன்டெய்னரில் தமிழ் எழுத்துருவே கிடையாது. சீட்டு முழுக்கக் கட்டம் கட்டமாக அச்சாகும், சோதனையும் பாஸ் ஆகும். லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவ அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும். பிறகு பி.டி.எஃப்.பில் எந்த எழுத்துரு பதிந்திருக்கிறது என்று ஒரு சோதனை வேண்டும்.

யாமல் கோப்பின் கடைசியில் ஒரு வரி: சோதனை தோற்றாலும் வெற்றி என்று சொல்லிவிடு. ஏதோ ஒரு அவசர வெளியீட்டு நாளில் போட்டது, எடுக்கவே இல்லை. இதைப் பார்த்தபின் மேலே சொன்னவை எல்லாம் சின்ன விஷயம் மாதிரி ஆகிவிட்டது!

நல்ல மாதிரி இல்லாமல் இல்லை. முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்த ஓபன்-தமிழ் நிரலகத்தின் சோதனைக் கோப்புகளைப் பாருங்கள். உள்ளே தமிழ்ச் சொற்கள். ‘முதலிபாளையம்’ என்ற சொல்லில் பைத்தான் 12 எண்ணும், நாம் 7 எழுத்து எண்ணுவோம். அந்த 7-ஐத் தரத்தான் அவர்கள் தனிச் செயற்கூறு வைத்திருக்கிறார்கள். சம்பள மென்பொருள் எழுதுகிறவர்கள் அதிலிருந்து பத்துச் சொல் எடுத்துப் போட்டிருந்தாலே போதும்.

நான் அனுப்பிய திருத்தத்தில் முதலில் நீக்கியது அந்தக் கடைசி வரி. பிறகு நாற்பது பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல்: ஔகாரப் பெயர்கள் மூன்று வடிவிலும், கொ, கோ வரும் பெயர்கள் இரண்டு வடிவிலும், இரண்டு விதமாக எழுதப்படும் ஸ்ரீ, ஒற்றெழுத்தில் முடியும் ஊர்ப் பெயர்கள். வருகை நேரங்களில் இரவு 12:10, 1:00, 5:29, 5:31. ஓட்டிப் பார்த்ததில் பெயர்ப் பட்டியலில் பாதிக்கு மேல் சிவப்பு. திருத்தம் இன்னும் ஏற்கப்படவில்லை. “பில்டு உடைஞ்சு போச்சுங்க” என்று மட்டும் பதில் வந்திருக்கிறது.